வயசாச்சு என்று விட்டுவிடாதீர்கள்: மறதி நோய்க்கும் கற்றவர்கள் இருக்கிறார்கள்



சர்க்கரை வியாதிக்காரர்கள் காலை எப்படிப் பேண வேண்டும் என்று இந்தப் பகுதியில் முன்பு எழுதியிருந்தேன். படித்துவிட்டுச் சிலர் மருந்துக் கொட்டகைக்கு வந்து காலைக் காட்டினார்கள். மகிழ்ச்சி. இந்த முறை காலை விட்டு மேலே போவோம். தலைக்குள் வருகிற ஒரு நோயைப் பற்றியும், அந்த நோயையே படிப்பாகப் படித்து அதைப் பார்ப்பதையே தொழிலாகக் கொண்டவர்களைப் பற்றியும் சொல்லப் போகிறேன். முதலில் என் தவறு ஒன்றைச் சொல்லிவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

சுங்கை பூலோ பக்கத்தில் நான் வேலை பார்க்கும் தோட்டத்தில் ஒரு பெரியம்மா இருக்கிறார். பெயர் வேண்டாம். வயது 75க்கு மேல். 14 வயதில் கத்தி பிடித்தவர். 35 வருடத்துக்கு மேல் பால் மரம் வெட்டியவர். இன்று அந்தப் பால் மரங்கள் இல்லை. ஒரு பக்கம் செம்பனை, இன்னொரு பக்கம் புது வீடுகள். ஆனால் பெரியம்மாவின் தலைக்குள் மரங்கள் எல்லாம் அப்படியே நிற்கின்றன.

விடியற்காலை 3 மணிக்கு எழுந்துவிடுவார். தலைத்துண்டைக் கட்டிக்கொண்டு வாளியைத் தேடுவார். "பெரட்டுக்கு நேரமாச்சு, கங்காணி பேரு வெட்டிடுவாரு" என்று சொல்லிக்கொண்டே கதவைத் திறந்து இருட்டில் இறங்கிவிடுவார். ஒரு நாள் பெரிய சாலை ஓரத்தில் நின்றுகொண்டிருந்தவரை லாரி ஓட்டும் தம்பி ஒருவர் பார்த்து அழைத்து வந்தார். அதற்கப்புறம் வீட்டில் பயந்துபோய், இரவில் அவர் காலைச் சேலைத் துணியால் கட்டிலோடு கட்டிவிட்டார்கள். கணுக்காலில் புண் வந்த பிறகுதான் என்னிடம் மருந்து போட அழைத்து வந்தார்கள்.

கட்டியவர் மகள்தான். கெட்டவர் இல்லை. காலையில் வேலைக்குப் போக வேண்டும், இரண்டு பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும், இரவெல்லாம் கண் விழிக்க வேண்டும். "வேற என்னதான் செய்யறது டிரசர் ஐயா? கட்டாம விட்டா அம்மா லாரியிலதான் அடிபடுவாங்க" என்று அழுதார். அவரை யார் குற்றம் சொல்வது?

குற்றம் சொல்ல வேண்டுமானால் என்னைத்தான் சொல்ல வேண்டும். அதற்கு ஒரு வருடம் முன்பே இந்த மகள் என்னிடம் வந்திருக்கிறார். "அம்மா கறியில ரெண்டு தடவ உப்பு போடறாங்க, சாப்பிட்டத மறந்துட்டு மறுபடி சோறு கேக்கறாங்க" என்று சொன்னார். நான் என்ன செய்தேன்? "வயசாச்சில்லம்மா, அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிச் சத்து மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டேன். ஒரு வருடம் வீணானது. அந்தக் கணுக்கால் புண்ணில் எனக்கும் பங்கு உண்டு. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இது வயசு இல்லை, நோய்

வயதானால் கண் மங்குவது போல ஞாபகமும் கொஞ்சம் மங்கும். மூக்குக் கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தேடுவது எல்லோருக்கும் வருவது. ஆனால் மூக்குக் கண்ணாடி எதற்கு என்றே தெரியாமல் போவது நோய். பேரன் பெயர் சட்டென்று வராமல் அப்புறம் ஞாபகம் வந்தால் அது வயசு. பேரனையே 'யாரப்பா நீ' என்று கேட்டால் அது நோய். இந்த வேறுபாட்டை முதலில் மனத்தில் பதிய வையுங்கள்.

டாக்டர்கள் இதை டிமென்ஷியா என்பார்கள். மலாயில் டிமென்சியா. நாம் மறதி நோய் என்று சொல்வோம். மூளையின் செல்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகின்றன. அதனால் ஞாபகம், பேச்சு, வழி தெரிவது, கணக்குப் பார்ப்பது, குணம் எல்லாமே மாறுகின்றன. இது பைத்தியம் அல்ல. பேய் பிடித்ததும் அல்ல. யாரோ செய்வினை வைத்ததும் அல்ல. பூசாரியிடம் போய் வேப்பிலை அடித்து இது போகாது.

இதில் பல வகை உண்டு. அதிகமாக வருவது அல்சைமர் என்ற வகை. 1906ஆம் ஆண்டு ஜெர்மனியில் அலோயிஸ் அல்சைமர் என்ற டாக்டர், 51 வயதில் தம்மிடம் வந்த ஒரு பெண்ணின் நோயைப் பற்றிப் பேசினார். அந்தப் பெண் இறந்த பிறகு மூளையை நுண்ணோக்கியில் சோதித்து, அதில் படிந்திருந்த அழுக்குகளையும் முடிச்சுகளையும் காட்டினார். அவர் பெயரே நோய்க்குப் பெயரானது. அடுத்ததாக அதிகம் வருவது, ரத்தக் குழாய் அடைபட்டு மூளைக்கு ரத்தம் குறைவதால் வரும் வகை. ரத்த அழுத்தமும் சர்க்கரையும் உள்ளவர்களை இது பிடிக்கும்.

நம் நாட்டில் சுகாதார அமைச்சு 2018இல் முதியவர்களிடம் எடுத்த கணக்கில், 60 வயதைத் தாண்டியவர்களில் 100க்கு 8.5 பேருக்கு இந்த நோய் இருக்கலாம் என்று தெரிந்தது. அதாவது 1000 முதியவர்களில் 85 பேர். பட்டணத்தைவிடக் கிராமப்புறத்திலும், ஆண்களைவிடப் பெண்களிடமும், பள்ளிக்கூடம் போகாதவர்களிடமும் அதிகம். இதைப் படித்தபோது நம் லயத்துப் பாட்டிகளின் முகங்கள்தான் என் கண் முன்னே வந்தன.

திடீர் குழப்பம் வேறு

இங்கே ஒரு எச்சரிக்கை. மறதி நோய் மாதக் கணக்கில், வருடக் கணக்கில் மெதுவாக வரும். நேற்று வரை நன்றாக இருந்த தாத்தா இன்று காலையில் உளறுகிறார், ஆளைத் தெரியவில்லை, தூங்கித் தூங்கி விழுகிறார் என்றால் அது பெரும்பாலும் வேறு. மூத்திரத்தில் கிருமி, நிமோனியா காய்ச்சல், சர்க்கரை இறங்கியது, உடம்பில் தண்ணீர் வற்றியது, மருந்து ஒத்துக்கொள்ளாதது, தலையில் அடிபட்டது, பக்கவாதம் என்று எதுவாகவும் இருக்கலாம். இவர்களை அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும். 'நாளைக்குப் பார்க்கலாம்' என்பது கூடாது.

மெதுவாக வரும் மறதியிலும் மருந்தால் சரியாகக் கூடியவை சில உண்டு. தைராய்டு குறைவு, பி12 வைட்டமின் குறைவு, மனச்சோர்வு ஆகியவை மறதி நோய் போலவே வேடம் போடும். சம்சுவும் அப்படித்தான். நெடுநாள் குடித்தவர்களுக்கு பி1 வைட்டமின் குறைந்து ஞாபகம் போகும். காது கேட்காதவர் தப்புத் தப்பாகப் பதில் சொன்னால் புத்தி போய்விட்டது என்று நினைப்பவர்களும் உண்டு. ஆகவே யாருக்கு எது என்று லயத்து வாசலில் உட்கார்ந்து நாமே முடிவு செய்யக் கூடாது. அதற்குக் கற்றவர்கள் இருக்கிறார்கள்.

யார் அந்தக் கற்றவர்கள்?

பெரியம்மாவை முதலில் அரசாங்கக் கிளினிக்குக்கு அனுப்பினேன். அங்கே டாக்டர் ரத்தம் எடுத்துச் சர்க்கரை, தைராய்டு எல்லாம் பார்த்துவிட்டு, பெரிய மருத்துவமனைக்குக் கடிதம் கொடுத்தார். காத்திருக்கத்தான் வேண்டியிருந்தது. போகும் நாளில் நானும் கூடப் போனேன். நான் இத்தனை வருடம் இந்த வேலையில் இருந்தும், இந்த ஒரு நோய்க்காக இத்தனை பேர் படித்திருக்கிறார்கள் என்று அன்றுதான் கண்ணால் கண்டேன்.

முதலில் முதியோர் மருத்துவ நிபுணர். குழந்தைகளுக்கென்று தனி டாக்டர் இருப்பது போல வயதானவர்களுக்கென்று தனியாகப் படித்தவர். சாப்பிடும் மருந்துகளை எல்லாம் பையோடு கொட்டச் சொல்லிப் பார்த்தார். மனநல மருத்துவரும் நரம்பியல் மருத்துவரும் தேவைப்பட்டால் பார்ப்பார்கள். அடுத்து, இந்த நோய்க்குப் பயிற்சி பெற்ற தாதி. தூக்கம், சாப்பாடு, மலம், மூத்திரம் என்று எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டவர் இவர்தான். பிறகு செயல்முறை சிகிச்சையாளர். கை கால் வேலையையும் அன்றாட வாழ்க்கையையும் பார்ப்பவர். நடை தடுமாறினால் இயன்முறை சிகிச்சையாளர். விழுங்கும்போது புரையேறினால் பேச்சு சிகிச்சையாளர். வீட்டுக் கஷ்டத்தைப் பார்க்க மருத்துவச் சமூகப் பணியாளர்.

கோலாலம்பூர் மருத்துவமனையிலும் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையிலும் முதியோர் மருத்துவப் பிரிவுகள் இருக்கின்றன. உங்களை எங்கே அனுப்புவது என்பதைக் கிளினிக் டாக்டர் சொல்வார். கேட்க வேண்டியது நீங்கள். "டாக்டர், இது வெறும் வயசா, டிமென்சியாவா? ஸ்பெஷலிஸ்ட்டுக்குக் கடிதம் கொடுங்க" என்று வாயைத் திறந்து கேளுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை.

தேதி தெரியாதது குற்றமா?

நிபுணர்கள் ஞாபகத்தைச் சோதிக்கக் கேள்விகள் கேட்பார்கள். 1975இல் அமெரிக்காவில் உண்டாக்கிய, 30 மார்க்குள்ள சோதனை ஒன்று உலகம் முழுவதும் நடக்கிறது. இன்று என்ன தேதி? 100இல் 7 போனால் எத்தனை? ஒரு வாக்கியம் எழுதுங்கள். இப்படிப் போகும் கேள்விகள்.

கையெழுத்துக்குப் பதிலாகப் பெருவிரல் ரேகை வைத்த நம் பெரியம்மா எப்படி எழுதுவார்? சம்பள நாள் எது என்று கேளுங்கள், சொல்வார். தேதியை அவர் என்றைக்குத் தெரிந்து வைத்திருந்தார்? இந்தச் சோதனையை அப்படியே வைத்தால் படிக்காதவர்கள் பலருக்கு நோய் என்றுதான் வரும்.

இதை உணர்ந்தவர்களும் அந்தக் கற்றவர்களேதான். 1998இல் இந்தியாவில் கொச்சியில் கூடிய ஆராய்ச்சியாளர்கள் ஒரு குழுவை ஆரம்பித்தார்கள். அதன் பெயர் 10/66. பெயருக்குக் காரணம் கேளுங்கள். மறதி நோயாளிகளில் 100க்கு 66 பேர் ஏழை நாடுகளில், வளரும் நாடுகளில் இருந்தார்கள். ஆனால் ஆராய்ச்சியில் 100க்கு 10 பங்குகூட அவர்களைப் பற்றி நடக்கவில்லை. அந்த அநியாயத்தையே பெயராக வைத்துக்கொண்டார்கள்.

இந்தக் குழு தமிழ்நாட்டிலும் வேலை செய்தது. சென்னையில் பட்டணத்து முதியவர்களிடமும், வேலூரில் கிராமத்து முதியவர்களிடமும் வீடு வீடாகப் போய், நம் மொழியிலேயே கேட்டு ஆராய்ந்தார்கள். வேலூரில் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரி டாக்டர்கள் இதில் இருந்தார்கள். படிப்பில்லாதவரிடமும் சரியாக நோயைக் கண்டுபிடிக்கும் முறையை உண்டாக்கி, இந்தியா, சீனா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்கா என்று 25 நிலையங்களில் சோதித்து, 2003இல் வெளியிட்டார்கள்.

அந்த முறையின் சூட்சுமம் எளிது. நோயாளியிடம் மட்டும் கேட்காதே, அவரை நன்றாகத் தெரிந்த ஒருவரிடமும் கேள். முன்பு செய்த வேலையை இப்போது செய்கிறாரா? தெரிந்த வழியில் தடுமாறுகிறாரா? பணத்தைக் கையாள்வதில் மாற்றம் உண்டா? மார்க் மட்டும் பேசாது. மாற்றம்தான் பேசும்.

ஆகையால் நீங்கள் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது செய்ய வேண்டியது இது. கூட இருந்து பார்ப்பவர் ஒருவர் கட்டாயம் போக வேண்டும். "எங்க அம்மா பள்ளிக்கூடம் போனதில்ல டாக்டர்" என்று முதலிலேயே சொல்லுங்கள். எப்போது ஆரம்பித்தது, முதலில் எது மாறியது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். எழுத முடியாவிட்டால் உங்கள் தோட்டத்து டிரசரிடமோ, படிக்கிற பிள்ளையிடமோ சொல்லி எழுதி வாங்குங்கள். அந்த ஒரு தாள் டாக்டருக்குப் பெரிய உதவி.

"உங்க அம்மா என்ன வேலை செஞ்சாங்க?"

பெரியம்மாவுக்கு அல்சைமர் வகை என்று முடிவானது. மாத்திரை எழுதினார்கள். டோனபெசில் என்பது அதன் பெயர். இந்த மருந்துகள் நோயைத் தீர்ப்பவை அல்ல. சிலருக்குக் கொஞ்ச காலம் ஞாபகத்தைத் தாங்கிப் பிடிக்கும். அவ்வளவுதான். இதை மறைக்காமல் எங்களிடம் சொன்னார்கள். மகளுக்கு முகம் வாடிவிட்டது. "அப்போ தூங்க மாத்திரையாச்சும் குடுங்க டாக்டர்" என்று கேட்டார். டாக்டர் உடனே கொடுக்கவில்லை. மயக்கும் மாத்திரை முதியவர்களைக் கீழே விழச் செய்யும், இடுப்பு எலும்பு முறியும், மனத்தை அடக்கும் சில மருந்துகளால் பக்கவாதமும் மரணமும்கூட அதிகமாகும் என்று விளக்கினார். வேறு வழி பார்த்து, முடியாதபோதுதான் அது.

அந்த வேறு வழியைக் காட்டியவர் செயல்முறை சிகிச்சையாளர். அவர் கேட்ட முதல் கேள்வியே, "உங்க அம்மா என்ன வேலை செஞ்சாங்க?" என்பதுதான். பால் மரம் வெட்டினார் என்றதும், எத்தனை மணிக்கு எழுவார், எழுந்ததும் என்ன குடிப்பார், எத்தனை மரம், பாலை எங்கே கொண்டு போய் ஊற்றுவார், பிள்ளையை எங்கே விடுவார் என்று அரை மணி நேரம் கேட்டார். மகள் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார். பிறகு சொன்னார்: "அம்மா ஓடிப் போகல. வேலைக்குப் போறாங்க. நீங்க தடுத்தா, அவங்க பேரு வெட்டுப்படும்னு பயப்படறாங்க."

எங்கள் இருவருக்கும் பேச்சு வரவில்லை. 'அலைகிறார், அலைகிறார்' என்றுதான் நாங்கள் சொல்லிக்கொண்டிருந்தோம். 3 மணிக்கு எழுவது அவருடைய 35 வருட ஒழுங்கு. அதை நோய் அழிக்கவில்லை. புதிய ஞாபகங்கள் முதலில் போகும், பழையவை நெடுநாள் நிற்கும் என்பது இந்த நோயின் குணம்.

அவர் சொல்லிக் கொடுத்தபடி வீட்டில் மாற்றினார்கள். காலை 4 மணிக்கு விளக்கைப் போட்டு, கோப்பி கலந்து கொடுத்து, தலைத்துண்டைக் கட்டி விடுகிறார்கள். ஒரு வாளியும் கொஞ்சம் பிளாஸ்டிக் கிண்ணங்களும் கொடுத்தார்கள். அவற்றைக் கழுவி, துடைத்து, அடுக்கிக் கொண்டிருப்பார். அவருக்கு அது மங்கு கழுவும் வேலை. விடிந்ததும் பேரன் கையைப் பிடித்து லயத்தை ஒரு சுற்றுச் சுற்றி வருவார். கதவின் மேல்பக்கம், கண்ணில் படாத உயரத்தில் ஒரு தாழ்ப்பாள் போட்டார்கள். கதவு திறந்தால் சத்தம் வர ஒரு சின்ன மணியும் கட்டினார்கள். பெயரும் மகளின் தொலைபேசி எண்ணும் எழுதிய துணியைச் சட்டையில் தைத்தார்கள். பகல் தூக்கத்தைக் குறைத்தார்கள்.

நோய் போய்விட்டதா? இல்லை. இன்று அவர் மகளையே தெரிந்துகொள்வதில்லை. ஆயாக் கொட்டகை ஆயா என்று நினைத்துக்கொண்டு, "ஆயாம்மா, எம்புள்ளயப் பாத்துக்க, மத்தியானம் வந்து தூக்கிக்கறேன்" என்கிறார். முன்பெல்லாம் மகள், "நான்தாம்மா உன் புள்ள" என்று சண்டை போடுவார், அழுவார். இப்போது, "நான் பாத்துக்கறேன், நீங்க கவலப்படாதீங்க" என்கிறார். பெரியம்மா நிம்மதியாகிறார். கட்டுவது நின்றுவிட்டது. புண் ஆறிவிட்டது.

இங்கிலாந்தில் பிராட்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் டாம் கிட்வுட் என்ற பேராசிரியர் இருந்தார். நோய்க்கு உள்ளே இருக்கும் மனிதரைப் பார்த்துப் பராமரிக்க வேண்டும் என்று 1997இல் புத்தகம் எழுதினார். நோயாளியை ஏமாற்றுவது, அவசரப்படுத்துவது, குழந்தை போல நடத்துவது, அவர் எதிரிலேயே அவரைப் பற்றிப் பேசுவது எல்லாம் கேடு செய்யும் என்று காட்டினார். அந்தச் சிகிச்சையாளர் எங்களிடம் செய்ததும் இதே வழிதான்.

சுங்கை பூலோவுக்கு இது புதிது இல்லை

சுங்கை பூலோ என்றால் இன்று எல்லோரும் பூச்செடி வாங்கப் போகும் இடம். 2006இல் திறந்த பெரிய மருத்துவமனை இருக்கும் இடம். ஆனால் அந்தப் பூச்செடித் தோட்டங்களை வளர்த்தவர்கள் யார் என்று இளையவர்களுக்குத் தெரியுமோ என்னவோ. 1930இல் அங்கே தொழுநோயாளர் குடியிருப்பு ஏற்பட்டது. ஒரு காலத்தில் 2,000 பேருக்கு மேல் இருந்தார்கள். நம் தமிழர்களும் அதில் உண்டு.

அந்தக் காலத்தில் 'பெருவியாதி' என்றால் வீட்டையே ஒதுக்கி வைப்பார்கள். கடவுள் தண்டனை என்பார்கள். நோயாளிகளைச் சட்டம் போட்டுப் பிரித்தார்கள். அங்கே பிறந்த குழந்தைகளையும் தாயிடமிருந்து பிரித்தார்கள். அந்தக் கொடுமையை நாம் மறக்கக் கூடாது. அதே சமயம் அதே வேலிக்குள் மூன்று காரியங்கள் சேர்ந்து நடந்தன. பராமரிப்பு, பயிற்சி, ஆராய்ச்சி. நோயாளிகளிலேயே பலர் பயிற்சி பெற்றுப் பணியாளர்களாக வேலை செய்தார்கள். டாப்சோன் என்ற மருந்துக்குக் கிருமி பழகிப்போய், மருந்து பலிக்காமல் போகிறது என்பதை 1964இல் சுங்கை பூலோவில் ஆராய்ந்தவர்கள்தான் உலகத்துக்கு நிரூபித்தார்கள். பிற்காலத்தில் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறை வர இதுவும் ஒரு காரணம். இன்று தொழுநோய் மாத்திரையால் குணமாகிறது. யாரையும் பிரிப்பதில்லை.

கற்றவர்கள் அந்த நோயிலேயே உட்கார்ந்து வேலை செய்தபோது வெட்கம் குறைந்தது. மறதி நோய்க்கு இன்னும் அப்படிப்பட்ட மாத்திரை வரவில்லை. ஆனால் வெட்கத்தை நாம் இப்போதே விட்டுவிடலாம். பின் அறையில் பூட்டி வைக்கப்பட்ட பாட்டிகள் வெளியே வரட்டும்.

நாமும் கற்றுக்கொள்ளலாம்

'இதெல்லாம் பெரிய படிப்பு, நமக்கு எங்கே' என்று நினைக்காதீர்கள். கேரளாவில் டாக்டர் ஷாஜியும் அவருடன் இருந்தவர்களும், சிறு பிள்ளைகளைப் பார்க்கும் அங்கன்வாடிப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஊரில் யாருக்கு இந்த நோய் இருக்கலாம் என்று கண்டுபிடிக்கச் சொன்னார்கள். அவர்கள் காட்டியவர்களில் பெரும்பாலோருக்கு நோய் இருந்தது. கோவாவில் உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து, நோயாளிகளின் வீடுகளுக்கு அனுப்பிக் குடும்பத்துக்கு யோசனை சொல்லச் செய்தார்கள். அதனால் பார்த்துக்கொள்பவர்களின் மனக் கஷ்டம் குறைந்தது என்று 2008இல் எழுதினார்கள்.

நம் நாட்டிலும் அல்சைமர் நோய்க்கென்று ஓர் அறக்கட்டளை 1997இல் உண்டானது. பெட்டாலிங் ஜெயாவில் பகல் நேரப் பராமரிப்பு இல்லம், குடும்பத்தாருக்குப் பயிற்சி, ஆதரவுக் கூட்டம் என்று வேலை செய்தவர்கள் அவர்கள். பட்டணத்தில் இருப்பது தோட்டத்துக்கும் வர வேண்டும்.

ஆகவே கிளைக் கூட்டத்தில் நீங்கள் எழுப்ப வேண்டிய கோரிக்கை ஒன்று உண்டு. என்னைப் போன்ற மருத்துவ உதவியாளர்களுக்கும், ஆயாக் கொட்டகை ஆயாக்களுக்கும், லயத்துக்கு ஒரு பெண்ணுக்கும் இந்த நோயைப் பற்றிப் பயிற்சி தரும்படி கேளுங்கள். எனக்கு அந்தப் பயிற்சி இருந்திருந்தால் அந்த ஒரு வருடம் வீணாகியிருக்காது.

வீட்டில் பார்ப்பவர்களுக்கு

1. வாதாடாதீர்கள். "அப்பா செத்துப் பத்து வருசமாச்சு" என்று சொன்னால், அவர் அப்போதுதான் செத்தது போல அழுவார். பேச்சை மாற்றி, அப்பாவைப் பற்றி ஏதாவது நல்லது கேளுங்கள்.

2. ஒரு நேரத்தில் ஒரு காரியம் சொல்லுங்கள். "குளிச்சிட்டு, துணி மாத்திட்டு, சாப்பிட வாங்க" என்றால் புரியாது. "இந்தாங்க துண்டு" என்றால் புரியும்.

3. நேரம் மாறாமல் பாருங்கள். எழுவது, குளிப்பது, சாப்பிடுவது எல்லாம் தினமும் ஒரே நேரம்.

4. சாயங்காலம் இருட்டும்போது குழப்பம் கூடும். முன்னதாகவே விளக்கைப் போடுங்கள். டிவி சத்தத்தைக் குறையுங்கள்.

5. களைக்கொல்லி, மண்ணெண்ணெய், மாத்திரை, கத்தி, கேஸ் அடுப்பு ஆகியவை கைக்கு எட்டக் கூடாது. மாத்திரையை நீங்களே எடுத்துக் கொடுங்கள்.

6. கட்டாதீர்கள். கட்டினால் புண், நீர்க் கோர்வை, பயம், கோபம் எல்லாம் வரும். இரவில் தீப்பிடித்தால் ஓட முடியாது.

7. அவரால் முடிந்த வேலையை அவரிடமிருந்து பிடுங்காதீர்கள். பயறு ஆய்வது, துணி மடிப்பது, பூ கட்டுவது எதுவானாலும் சரி. தப்பாகச் செய்தால் என்ன?

8. பார்த்துக்கொள்பவருக்கும் ஓய்வு வேண்டும். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, இந்த நோயாளிகளைப் பராமரிக்கும் நேரத்தில் 100க்கு 70 பங்கு பெண்கள் தலையில்தான் விழுகிறது. அண்ணன் தம்பிகளே, வாரத்தில் ஒரு நாளாவது நீங்கள் பாருங்கள். பக்கத்து வீட்டுக்காரர்களே, ஒரு மணி நேரம் துணை இருந்தால் அந்தப் பெண் கோயிலுக்காவது போய் வருவாள்.

வராமல் தடுக்க முடியுமா?

எல்லாவற்றையும் முடியாது. ஆனால் 2024இல் உலக நிபுணர்கள் குழு ஒன்று, மாற்றக் கூடிய 14 காரணங்களைச் சரிசெய்தால் இந்த நோயில் ஏறக்குறைய பாதியைத் தடுக்கவோ தள்ளிப் போடவோ இடம் உண்டு என்று சொன்னது. ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, சிகரெட், அளவு மீறிய குடி, உடல் பருமன், உட்கார்ந்தே இருப்பது, தலையில் அடி, காது கேளாமை, கண் மங்கல், மனச்சோர்வு, தனிமை, கெட்ட காற்று, சின்ன வயதில் படிப்பு இல்லாமை. இவைதான் அந்த 14.

நம்மவர்களுக்கு இதில் பெரிய ஆபத்து சர்க்கரை. 2019இல் சுகாதார அமைச்சு எடுத்த கணக்கில், நாட்டில் வயது வந்த இந்தியர்களில் 100க்கு 31 பேருக்குச் சர்க்கரை வியாதி இருந்தது. ஆகவே 40 வயதிலேயே ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்த்துக்கொள்ளுங்கள். மோட்டார் சைக்கிளில் தலைக்கவசம் போடுங்கள். காது மந்தமானால் காட்டுங்கள். பிள்ளைகளை, முக்கியமாகப் பெண் பிள்ளைகளை, பள்ளியிலிருந்து நிறுத்தாதீர்கள். அவர்கள் படிக்கும் படிப்பு அறுபது வயதிலும் மூளையைக் காக்கும்.

கடைசியாக ஒன்று. உங்கள் வீட்டு முதியவரின் வாழ்க்கையை, அவர் நன்றாக இருக்கும்போதே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். எந்த டிவிஷனில் வேலை, எந்த நிரை, யார் கங்காணி, என்ன சாப்பாடு பிடிக்கும், எதற்குப் பயம். நாளை அவர் அதைச் சொல்ல முடியாத நிலைக்கு வந்தால், எந்த நிபுணரும் முதலில் உங்களிடம்தான் கேட்பார். அன்று பதில் சொல்ல நீங்கள் இருக்க வேண்டும்.

உங்கள் வீட்டில் இப்படி யாராவது இருந்தால் உங்கள் தோட்டத்து டிரசரிடம் சொல்லுங்கள். அவர் நான் சொன்னது போல "வயசாச்சில்லம்மா" என்று சொன்னால், இந்தப் பக்கத்தைக் கிழித்துக் கையில் கொடுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டார்.